ஹைமாவதியின் வலது கை

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை கட்டிலருகே வந்து நின்ற பெண் வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

"முடியை யாரும்மா வாரி விட்டது?" என்றாள்.

"எங்க வதினா," என்றாள் ஹைமாவதி, மூலையிலிருந்த நாத்தனாரைக் கண்ணால் காட்டி.

"நாளையிலிருந்து நீங்களே வாரணும். வராது. ஆனா முயற்சி பண்ணணும். உங்க கையாலயே கொண்டை போட்டுக்கிட்டா அன்னிக்கு என் வேலை முடிஞ்சுது."

அவள் பெயர் கெஸியா. பிசியோதெரபி செய்பவள். முப்பது வயது இருக்கும். மருத்துவர் ஹைமாவதியின் வலது மார்பையும், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தார். அக்குளிலிருந்து ஒரு குழாய் இறங்கிப் பக்கத்தில் தொங்கிய புட்டியில் நீரை வடித்துக்கொண்டிருந்தது. வலது கையை உடம்போடு ஒட்டி, அடிபட்ட பறவைபோல வைத்திருந்தாள் ஹைமாவதி. அப்படி வைத்தால் வலி குறைவாக இருந்தது.

"இப்படி வெச்சுக்கத்தான் தோணும்," என்றாள் கெஸியா. "வெச்சா அப்படியே ஒட்டிக்கும். இப்ப வலிச்சா கை வரும். வலிக்குதேன்னு விட்டீங்கன்னா, அப்புறம் வலியே இருக்காது, கையும் வராது."

விரல்களை மூடித் திறக்கச் சொன்னாள். முழங்கையை மடக்கச் சொன்னாள். குழாய் எடுத்த பிறகு சுவரில் விரல்களை ஏற்றிப் பழக வேண்டும் என்றாள். பிறகு செய்யக் கூடாதவற்றைச் சொன்னாள். வலது கையில் ஊசி கூடாது. பாரம் கூடாது. கீறல்கூடப் படக் கூடாது. இறுக்கமாக எதுவும் போடக் கூடாது.

"வளையல்கூட வேண்டாம்."

மூலையில் உட்கார்ந்திருந்த ஆதிலக்ஷ்மி தலையைத் தூக்கினாள். ஹைமாவதியின் கணவனுக்கு அக்கா. இருபத்தெட்டு வயதில் புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். ஹைமாவதி மருமகளாக அந்த வீட்டில் கால் வைத்தபோது மாமியார் இல்லை. ஆதிலக்ஷ்மி இருந்தாள்.

"என்ன பேச்சு இது? புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். கையை மொட்டையா வெச்சுக்கச் சொல்றியா?"

"இடது கையில எத்தனை வேணாலும் போடட்டும். இந்தக் கையில நீர் ஓடுற வழியை எடுத்தாச்சும்மா. கால்வாய்ல மதகை அடைச்சா என்ன ஆகும்?"

டெல்டாக் கால்வாய்களுக்கு நடுவே வாழும் பாலகொல்லு ஊர்க்காரர்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

"ஒரு தடவை நல்லா வீங்கிட்டா முழுசா வத்தாது," என்றாள் கெஸியா, ஹைமாவதியைப் பார்த்து. "இந்தக் கையைக் காப்பாத்தறது இப்ப உங்ககிட்டதான் இருக்கு."

வீட்டுக்கு அனுப்புகிற அன்று மருத்துவர் நல்ல செய்தி சொன்னார். பரவவில்லை. மருந்து ஏற்ற வேண்டியதில்லை. மாத்திரை போதும்.

"அப்ப முடி கொட்டாதுங்களா?" என்று கேட்டார் அவள் கணவர் கோடேஸ்வர ராவ்.

"கொட்டாது."

கோடேஸ்வர ராவ் எழுந்து நின்று கும்பிட்டார். இந்த மனிதருக்கு என் முடிமீது இத்தனை பிரியமா என்று ஹைமாவதி ஒரு கணம் நினைத்தாள். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் அப்படித் தோன்றியது அதுவே முதல் தடவை. காரில் ஏறியதும் தெளிந்துவிட்டது.

"முடி கொட்டலைன்னா யாருக்கும் தெரியாது," என்றார் அவர். "பித்தப்பையில கல்லு. கேட்டா அதைத்தான் சொல்லணும்."

மகள் லிகிதாவுக்குத் தணுக்கு ஊரில் சம்பந்தம் முடிவாகியிருந்தது. வைகாசியில் முகூர்த்தம். தாய்க்கு மார்பில் வந்தால் மகளுக்கும் வரும் என்பது அந்தப் பக்கத்தில் படிக்காதவர்களுக்கும் தெரியும். படித்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மாப்பிள்ளையின் அத்தை மங்காயம்மா பாலகொல்லிலேயே, கோயில் தெருவில் இருந்தாள். அவள் காதுக்குப் போனால் சாயங்காலத்துக்குள் தணுக்குக்குப் போய்விடும்.

லிகிதா ஹைதராபாத்திலிருந்து போனில் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அம்மா, கல்யாணம் வரைக்கும்தானே," என்றாள்.

ஹைமாவதி சரி என்றாள். கல்யாணம் வரைக்கும்தான். ஆனால் அந்தக் கைக்கும் கெடு அதே கல்யாணம் வரைக்கும்தான் என்பது அவளுக்குத் தெரியும். கெஸியா சொல்லியிருந்தாள். முதல் சில மாதங்களில் கை எவ்வளவு தூக்க வருகிறதோ, அவ்வளவுதான் வரும்.

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்தவள் எதற்குக் கையைச் சுவரில் ஏற்ற வேண்டும்?

கெஸியாவுக்கும் சொந்த ஊர் பாலகொல்லுதான். காலையில் பீமவரத்தில் ஆஸ்பத்திரி வேலை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சொந்தமாக ஓர் அறை, வாசலில் பெயர்ப்பலகை. அங்கே போக முடியாது. மங்காயம்மா காய்கறி வாங்கப் போகிற வழி அது. கெஸியா வீட்டுக்கு வருவதென்றாலும் யார் என்று கேட்பார்கள். ஆதிலக்ஷ்மிதான் வழி கண்டுபிடித்தாள்.

"தையல்காரியா வரட்டும். கல்யாண வீடு. ரவிக்கை தைக்க ஆள் வந்து போனா யாரு என்ன கேக்கப் போறாங்க?"

கெஸியா அதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"நாலரை வருஷம் படிச்சேன். எங்கம்மா நிஜமாவே தையல்காரிதான். நான் ஊசியைத் தொடக் கூடாதுன்னுதான் கண்ணு போகப் போகத் தைச்சு என்னைப் படிக்க வெச்சாங்க."

"வர மாட்டியா?" என்றாள் ஹைமாவதி.

"வரேன். கை உங்களோடது. அதுக்கும் இந்தப் பொய்க்கும் என்ன சம்பந்தம்?"

தோளில் ஒரு துணிப்பை, கழுத்தில் அளவு நாடா. கொல்லைப்பக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை நடந்தது. ஹைமாவதி சுவரைப் பார்த்து நின்று விரல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். தோள் உயரம் வந்ததும் அக்குளுக்குள் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல இருந்தது. கண்ணில் நீர் நின்றது.

"இன்னும்," என்றாள் கெஸியா.

"முடியல."

"மேல பாருங்க. பல்லி உங்களைவிட வேகமா ஏறுது."

"பல்லிக்கு நாத்தனார் இல்ல."

கெஸியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹைமாவதிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தையல் போட்ட இடம் வலித்தது. அந்தச் சிரிப்போடு விரல் இன்னும் கொஞ்சம் ஏறியது.

போகும்போது கெஸியா நாடாவால் இரண்டு கைகளையும் சுற்றி அளந்து பார்ப்பாள். வலது கை இடது கையைவிடத் தடிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் கிளம்புவாள். ஒருநாள் அப்படி அளந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் சேஷாரத்னம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"அட, அளவு எவ்வளவு கவனமா எடுக்குது இந்தப் பொண்ணு! நம்ம ஊர்ல இப்படி யாரு எடுக்கறா? எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடும்மா," என்று ஒரு பட்டுத்துணியைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

கெஸியா அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் அம்மாவிடம் கொடுத்தாள். ரவிக்கை நன்றாகவே வந்தது. சேஷாரத்னம் தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். மேலும் மூன்று துணிகள் வந்தன.

"இப்படியே போனா போர்டை மாத்திர வேண்டியதுதான்," என்றாள் கெஸியா. அதில் சிரிப்பு இல்லை.

கெஸியா வராத நாட்களில் பழக இடம் இல்லை. கல்யாண வீட்டில் எந்த அறையில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. குளியலறை ஒன்றுதான் மிச்சம். ஈர டைல்ஸ் சுவரில் விரல்கள் வழுக்கின. ஹைமாவதி பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினாள். வெளியே யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். "கல்லு எடுத்தவளுக்கு வயிறு இன்னும் சரியாகல போல," என்று சின்ன மாமனாரின் மனைவி சொன்னது உள்ளே கேட்டது. கேட்டுக்கொண்டே ஏற்றினாள்.

மாசி போய்ப் பங்குனியில் கை காதைத் தொட்டது. சித்திரையில் பின்னந்தலைக்குப் போனது. ஒரு காலை, கண்ணாடி முன்னால் நின்று, தலைமுடியைத் திரட்டிச் சுழற்றித் தானே கொண்டை போட்டாள். தளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்த கொண்டை. அப்படியே கூடத்துக்கு வந்தாள்.

ஆதிலக்ஷ்மி பார்த்தாள்.

"கோணலா இருக்கு," என்று சொல்லி, அவளை உட்காரவைத்து, அதை அவிழ்த்து, சீப்பெடுத்து மறுபடி போட்டாள். மென்மையாகத்தான் வாரினாள். அதுதான் ஹைமாவதிக்குத் தாங்கவில்லை.

அன்று கெஸியாவிடம் அதைச் சொன்னாள். கெஸியா நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டபடி, "போட்டீங்கல்ல? அவ்வளவுதான்," என்றாள். "இனி இதைக் கெடுக்காம இருந்தா போதும். கல்யாணத்துல உலக்கையைத் தொடாதீங்க. இந்தக் கையில ஒரு தங்கக் காப்பு, தளர்வா. கண்ணாடி வளையல் வேண்டாம். சரியா?"

"சரி."

"உங்க வதினாகிட்ட நான் சொல்லவா?"

"நானே சொல்லிக்கறேன்," என்றாள் ஹைமாவதி.

சொல்லவில்லை என்று இல்லை. சொன்னாள். வளையல்காரர் வந்து கூடத்தில் பெட்டியைத் திறந்தபோது, வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். ஆதிலக்ஷ்மி அவள் காதருகே குனிந்தாள்.

"பொண்ணோட அம்மா ஒரு கையில மட்டும் வளையலோட பந்தல் கீழ உக்காந்தா, பாக்கறவங்க கண்ணு எங்க போகும்? கைக்குத்தானே? அந்தக் கை ஏன் மொட்டையா இருக்குன்னு கேக்கும். அப்புறம் மேல பாக்கும்."

ஹைமாவதியின் ரவிக்கைக்குள் வலது பக்கம் பஞ்சு இருந்தது. அவள் கையை நீட்டினாள்.

"இந்தக் கை கொஞ்சம் பூசினாப்பல இருக்கே," என்றார் வளையல்காரர். சோப்பு நுரையைத் தடவி, விரல்களைச் சேர்த்துக் குறுக்கி, பச்சை வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். "இறுக்கமா இருந்தாத்தாம்மா அழகு. தொளதொளன்னு இருந்தா பொருத்தமா இருக்காது." மணிக்கட்டு நிறைய ஏற்றிய பிறகுதான் விட்டார்.

மறுநாள் மஞ்சள் இடிக்கிற சடங்கு. முற்றத்தில் உரலுக்குப் பொட்டு வைத்து, உலக்கைக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். சுமங்கலிகள் ஐந்து பேர் இடிக்க வேண்டும். முதல் கை பெண்ணின் தாயுடையது. ஆதிலக்ஷ்மி கூடத்துத் தூணுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு அங்கே வர உரிமை இல்லை. எங்கே எது வைக்க வேண்டும் என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மங்காயம்மா வந்திருந்தாள். கனத்த உடம்பு, கனத்த குரல். உரலுக்கு எதிரே பாய்விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

ஹைமாவதி இடது கையால் உலக்கையைப் பிடித்து, வலது கையைப் பேருக்கு வைத்து, ஒரு சாண் தூக்கிப் போட்டாள்.

"என்ன சம்பந்தி, உலக்கையைத் தடவிக் குடுக்கறீங்க?" என்றாள் மங்காயம்மா. "கல்லு எடுத்தது வயித்துலயா, கையிலயா?"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி பாட்டை நிறுத்தினாள். ஹைமாவதி தூணைப் பார்த்தாள். ஆதிலக்ஷ்மியின் முகம் வெளுத்திருந்தது.

ஹைமாவதி இரண்டு கைகளாலும் உலக்கையைப் பிடித்தாள். தலைக்குமேல் தூக்கினாள். கை போனது. இத்தனை மாதம் குளியலறைச் சுவரில் ஏறிப் பழகிய கை, தலைக்குமேல் நேராகப் போனது. "அப்படிப் போடுங்க!" என்றாள் மங்காயம்மா. போட்டாள். மறுபடி தூக்கினாள். மறுபடி போட்டாள். பாட்டு திரும்பவும் எழுந்தது. எத்தனை தடவை என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு போடில் அக்குளுக்குள் ஏதோ சுளுக்கென்றது. அதே போடில் உலக்கையில் பட்டு ஒரு வளையல் தெறித்தது. துண்டு மணிக்கட்டில் ஏறியது.

யாரும் பார்க்கவில்லை. மஞ்சள் இடிக்கையில் தாயின் வளையல் உடைந்தது என்றால் அந்தப் பந்தலே எழுந்து நிற்கும். அவள் குனிந்து துண்டுகளை எடுத்து இடுப்பில் செருகினாள். உரலிலிருந்து ஒரு பிடி மஞ்சளை அள்ளி மணிக்கட்டில் அப்பினாள். மஞ்சள் இடிக்கிற இடத்தில் கையில் மஞ்சள் இருப்பதை யார் கேட்பார்கள்?

அடுத்த நாள் விடியும்போது காய்ச்சல். கை முழங்கைவரை சிவந்து, தோல் மினுமினுத்தது. வளையல்கள் சதைக்குள் புதைந்திருந்தன. அவற்றுக்கு மேலும் கீழும் கை இரண்டு வேறு கைகள்போல இருந்தது. சோப்பு போட்டுப் பார்த்தாள். எண்ணெய் போட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட நகரவில்லை.

லிகிதாவைக் கூப்பிட்டாள். "தையல்காரியை வரச் சொல்லு. ரவிக்கை பிடிக்குது."

கெஸியா வந்தாள். முந்தானையை விலக்கிப் பார்த்தாள்.

"இதை இப்பவே எடுக்கணும். எடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். விஷம் ஏறிக்கிட்டிருக்கு." பையிலிருந்து சின்னக் குறடு ஒன்றை எடுத்தாள். அதை எதற்காக எடுத்துவந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. லிகிதா போனில் பேசியபோதே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஆதிலக்ஷ்மி அவள் கையைப் பிடித்தாள்.

"பந்தல் போட்ட வீட்டுல சுமங்கலி வளையலை உடைக்கறதா?"

"உடைக்கல. வெட்டறேன்."

"எனக்குச் சொல்லிக் குடுக்காத. எனக்கு உடைச்சவங்களும் மெதுவாத்தான் உடைச்சாங்க. வலிக்காம." அவள் குரல் இறங்கியது. "இந்தக் கையைப் பாரு. நாப்பது வருஷமா இப்படி இருக்கு. எந்தக் கல்யாணத்துலயும் முன்னால நிக்கல. என் தம்பி உசுரோட இருக்கறப்ப இவ கையில கருவி படறதை நான் பாக்கணுமா?"

"அப்ப கண்ணை மூடிக்கங்க."

"ஏய்!"

சத்தம் கேட்டுக் கோடேஸ்வர ராவ் வந்தார். பார்த்தார். அவருக்கும் முகம் மாறியது. உடனே கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில முகூர்த்தம். மூணு முடிச்சு விழட்டும். விழுந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. காரை மண்டப வாசல்லயே நிறுத்தி வெக்கறேன். அதுவரைக்கும் டாக்டர்கிட்ட போன்ல கேட்டு மாத்திரை வாங்கித் தரேன்."

"முகூர்த்தம் பாத்துட்டு விஷம் ஏறாது சார்."

"பொண்ணு கல்யாணம்மா இது. நீ ஒரு பொண்ணுதானே, புரியாதா?"

கெஸியா அவரைப் பார்க்கவில்லை. ஹைமாவதியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்க கைம்மா. இவங்க யாரோடதும் இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரே வார்த்தை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். இப்ப விட்டா, நாம செஞ்சது எல்லாம் போச்சு."

எல்லாரும் ஹைமாவதியைப் பார்த்தார்கள். லிகிதா கதவருகில் நின்றாள். முகத்தில் நலங்கு மஞ்சள் இன்னும் காயவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எடுத்துவிடு அம்மா என்றும் சொல்லவில்லை. ஹைமாவதி அந்த இரண்டாவதுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"நாளைக்கு," என்றாள் பிறகு.

கெஸியா குறட்டைப் பைக்குள் போட்டாள். எழுந்து போனாள். முற்றத்தில் சேஷாரத்னம் அவளைப் பிடித்துக்கொண்டு, ரவிக்கைக் கையைக் கொஞ்சம் தளர்த்தித் தர வேண்டும் என்று ஏதோ சொல்வது கேட்டது.

முகூர்த்தத்தில் கோடேஸ்வர ராவ் மாப்பிள்ளையின் கால்களைக் கழுவ, ஹைமாவதி செம்பிலிருந்து நீர் ஊற்றினாள். வலது கையால்தான் ஊற்ற வேண்டும். முழங்கைவரை மஞ்சள் பூசி, பட்டு முந்தானையை மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். செம்பின் கனம் தெரியவில்லை. கை இருப்பதே தெரியவில்லை. காய்ச்சலில் மேளம் எங்கோ தூரத்துக் கிராமத்தில் அடிப்பதுபோலக் கேட்டது.

மூன்று முடிச்சும் விழுந்தன. கார் வாசலில் நின்றது.

முடிச்சு விழுந்த பிறகு அட்சதை போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அருந்ததி பார்க்க வேண்டியிருந்தது. சம்பந்திகள் சாப்பிட்டு எழ வேண்டியிருந்தது. பெண்ணைப் பிடித்துக்கொடுக்கும்போது தாய் இல்லாவிட்டால் எப்படி? மங்காயம்மா பூதரேகு இனிப்பு நன்றாக இருக்கிறது என்று இன்னும் இரண்டு கேட்டாள். கார் வாசலில்தான் நின்றது. ஓட்டுநர் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வளையல்களை வெட்டி எடுத்தாள். ஒன்றைத் தோலைக் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆதிலக்ஷ்மி அறைக்கு வெளியே, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள்.

காய்ச்சல் இறங்கியது. சிவப்பு போனது. வீக்கம் போகவில்லை. மருத்துவர் தோலை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது, எழவில்லை.

"இனி கட்டுப் போட்டுக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் குறையும்," என்றார்.

"முழுசா?" என்று கேட்டார் கோடேஸ்வர ராவ்.

மருத்துவர் அடுத்த நோயாளியின் தாளை எடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது கல்யாணம் முடிந்திருந்தது. பொய்க்கு இனி வேலை இல்லை என்று ஹைமாவதி நினைத்தாள். மறுவாரமே மங்காயம்மா பழத்தட்டோடு வந்தாள். கையை மறைக்க முடியவில்லை. எந்த ரவிக்கையின் கைக்குள்ளும் அது நுழையவில்லை.

"ஐயோ, இது என்ன சம்பந்தி?"

ஹைமாவதி வாயைத் திறந்தாள். ஆதிலக்ஷ்மி முந்திக்கொண்டாள்.

"கொசுக்கடி. யானைக்கால் நீரு, கையில இறங்கிருச்சு. எங்க அப்பாவுக்கும் ரெண்டு கால்லயும் இருந்துச்சே."

மங்காயம்மாவின் முகம் தளர்ந்தது. அந்த டெல்டாவில் அது இல்லாத வீடு ஏது?

"அடப் பாவமே! என் மாமியாருக்கும் இருந்துச்சு. பயப்படாதீங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு பொண்ணு இதுக்குக் கட்டுப் போடுதாம். கெஸியாவோ என்னவோ பேரு. கிறிஸ்துவப் பொண்ணு, ஆனா நல்ல கை. மறைச்சு வெக்காதீங்க, இதுல என்ன வெக்கம்? போய்க் காட்டுங்க."

அவள் போன பிறகு கோடேஸ்வர ராவ் அக்காவைப் பார்த்து, "நல்லா சமாளிச்சே," என்றார்.

"பொண்ணு அங்க வாழணும்ல," என்றாள் ஆதிலக்ஷ்மி. தட்டிலிருந்த மாம்பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஹைமாவதியிடம், "நாளைக்கே போ. நானே ஆட்டோ சொல்றேன்," என்றாள்.

இப்போது ஹைமாவதி வாசல் வழியாகவே போனாள். பட்டப்பகலில், தெரு பார்க்க. கெஸியாவின் அறைக்கு வெளியே, பெயர்ப்பலகைக்குக் கீழே ஒரு பெஞ்சு. அதில் ஒரு நடுவயதுப் பெண் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நிஜமான யானைக்கால். நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"கையிலயா? கையில வர்றது அபூர்வம். எப்ப வந்துச்சு?"

"பொண்ணு கல்யாணத்தப்ப."

"பொண்ணைக் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

"அப்புறம் என்ன? மாப்பிள்ளை வீட்டுல ஒண்ணும் சொல்லலியே?"

"இல்ல. அவங்கதான் இங்க போகச் சொன்னாங்க."

"பாத்தியா, நல்ல மனுஷங்க." அந்தப் பெண் தன் காலை ஒரு பூனையைத் தட்டுவதுபோலத் தட்டினாள். "கனம்தான். பழகிடும். நான் இந்தக் காலோடவே நாத்து நட்டவ. உசுருக்கு ஒண்ணும் ஆகாது. கேன்சரா என்ன, பயப்படறதுக்கு?"

ஹைமாவதி எதிரே பஸ் ஸ்டாண்டைப் பார்த்தாள். நரசாபுரம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

"அதானே," என்றாள். "கேன்சரா என்ன?"

திறந்திருந்த கதவுக்குள் கெஸியா ஒரு கிழவரின் காலுக்குக் கட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டை முடித்து, முனையைச் செருகி, கிழவரை எழுப்பி அனுப்பினாள். பிறகு அடுத்தவர் வரலாம் என்றாள்.

ஹைமாவதி எழுந்தாள். இடது கையால் வலது கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.